ஆலைகளிலும் கிடங்குகளிலும் செங்குத்தான ஏணிகள்

நெல் அரைக்கும் ஆலைகளிலும் தானியக் கிடங்குகளிலும் அகன்ற படிக்கட்டு அமைக்க இடம் கிடைப்பது அரிது. ஆதலின் எலிவேட்டரின் உச்சிக்கும், பரணுக்கும், கூரைக்கும் செங்குத்தான இரும்பேணியே பெரும்பாலும் வழியாக உள்ளது. கட்டிடம் முடிந்தபின், எஞ்சிய மூலையில் எஞ்சிய இரும்பைக் கொண்டு இவ்வேணியை அமைத்து விடுவது வழக்கம். நாள்தோறும் பன்முறை ஏறியிறங்குவோர் அதன் அபாயத்தை மறந்து விடுகின்றனர். பத்தடி உயரத்திலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு முறிதல் கூடும். அதனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே கெடும்.

சாதாரணப் படிக்கட்டில் உடலின் பாரம் பாதத்தின்மேல் நிற்கும். செங்குத்தான ஏணியிலோ அப்பாரம் பாதத்திற்குப் பின்னே சாயும். கால் வழுக்கினால் ஆளைத் தாங்குவது கையொன்றே. ஆகவே, கை எவ்விடத்தைப் பற்றும் என்பதையே ஏணி அமைப்போர் முதலில் ஆராய்தல் வேண்டும்.

சரிவை அளத்தல்

மேல்தளத்தின் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தரையைத் தொடும் இடத்திற்கும் ஏணியின் அடிக்கும் உள்ள தூரத்தை அளக்கவும். 10 அடி உயரத்திற்கு இத்தூரம் 8 அடி 5 அங்குலமாயின் சரிவு ஏறக்குறைய 50 டிகிரி. 3 அடி 8 அங்குலமாயின் ஏறக்குறைய 70 டிகிரி. 50 டிகிரி வரையில் படிக்கட்டே தகும். 50 முதல் 70 டிகிரி வரையில், கப்பல்களில் உள்ளதைப் போன்ற தட்டைப் படிகளை அமைத்து, இருபுறமும் கைப்பிடி வைத்தல் நலம். அதற்கு மேற்பட்ட சரிவிற்கே பழுக்கள் வைத்த ஏணி ஏற்றது.

பழுக்களும் இடைவெளியும்

அமெரிக்க நாட்டுத் தொழிற்பாதுகாப்பு விதிகள் 2016-ல் திருத்தப்பட்டு, 2017 ஜனவரி முதல் அமலுக்கு வந்தன. நிலையாகப் பொருத்திய ஏணிகளுக்கு அவை கூறும் அளவுகள் நமக்கும் பயன்படுவன. பழுவிற்கும் பழுவிற்கும் இடையே 10 முதல் 14 அங்குலம் இருத்தல் வேண்டும். அவ்விடைவெளி அடிமுதல் நுனிவரை ஒரே சீராக இருத்தல் வேண்டும். ஒரு பழு மாறுபட்டாலும், பார்க்காமல் வைக்கும் கால் ஏமாறும். ஏணியின் அகலம் 16 அங்குலத்திற்குக் குறையலாகாது. பழுவிற்கும் பின்சுவருக்கும் 7 அங்குலமேனும் இடம் விடவேண்டும். இன்றேல் பாதத்தின் நடுப்பகுதி பழுவில் பதியாது, விரல் நுனியே தாங்க நேரிடும். தவிட்டில் எண்ணெய்ப் பசையுண்டு; அது படிந்த வழவழப்பான இரும்பு எளிதில் வழுக்கும். ஆதலின் பழுக்கள் சொரசொரப்பாய் இருத்தல் அவசியம்.

ஏணியின் தலைப்பு

ஏணியிலிருந்து தளத்திற்குக் கால் மாற்றும் இடமும், இறங்கும்போது வைக்கும் முதற் படியும் மிக்க கவனத்திற்குரியவை. ஏணியின் பக்கக் கால்கள் தளத்தின் மட்டத்தோடு முடிந்து விட்டால், அவ்விடத்தில் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. இரு கால்களுக்கும் இடையே நுழைந்து தளத்தை அடையும் ஏணிகளில், அக்கால்கள் தளத்திற்கு மேல் 42 அங்குலம் நீண்டிருத்தல் வேண்டும். அந்நீட்சியில் பழுக்கள் வேண்டுவதில்லை. உடல் தடையின்றி நுழையுமாறு கால்களை 24 முதல் 30 அங்குலம் வரை அகற்றி வைக்கவேண்டும். தளத்திலுள்ள திறப்பைச் சுற்றிக் கம்பியடைப்பும், நுழைவாயிலில் தானே மூடிக்கொள்ளும் சிறு கதவும் தேவை.

உயர்ந்த ஏணிகள்

உயரமான ஏணிகளைச் சுற்றி இரும்புக் கூண்டு வைத்து அமைதி கொள்வோர் பலர். கூண்டு விழுகின்றவனைத் தடுத்து நிறுத்தும் என்பது உறுதியன்று. எனவேதான், 2018 நவம்பர் 19 முதல் அமைக்கப்படும் 24 அடிக்கு மேற்பட்ட ஏணிகளுக்குக் கூண்டு மட்டும் போதாதென்றும், விழுவோரைத் தாங்கும் கச்சையோ ஏணியோடு இணைந்த தடுப்புச் சாதனமோ வேண்டுமென்றும் அவ்விதிகள் வகுத்தன. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, படிகளை உறுதியாய் அமைத்துச் செவ்வனே பேணவும், வேண்டுமிடத்து வலிய கைப்பிடி வைக்கவும் பணித்தது.

ஏறுவோர் கவனிக்க வேண்டியவை

1. ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஏணியை நோக்கியே இருத்தல் வேண்டும்.

2. இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கில் மூன்று எப்பொழுதும் ஏணியில் பதிந்திருத்தல் வேண்டும்.

3. மூட்டையோ கருவியோ கையிலேந்தி ஏறலாகாது. கப்பியும் கயிறும் கொண்டு அவற்றைத் தனியே ஏற்றுக.

4. ஈரமோ தவிடோ படிந்திருப்பின் துடைத்த பின்னரே ஏறுக.

ஆலை முதலாளிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் அறுவடைக்கு முன்னர் ஏணிகள் யாவற்றையும் சோதித்தல் வேண்டும். துருப்பிடித்த பற்றுகள், விரிந்த இணைப்புகள், வளைந்த பழுக்கள் ஆகியவற்றைக் கண்டால், செப்பனிடும் வரை அவ்வேணியின் அடியை அடைத்து வைத்து, எவரையும் ஏறவிடாதிருப்பார்களாக.