அயலவர் தொண்டும் ஊரவர் வாழ்வும்

பிறர்க்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் இளமைப் பருவத்தில் எழுவது இயல்பு. அதனினும் ஒருபடி மேற்சென்று, கடல் கடந்து, மொழியும் பழக்கமும் வேறாகிய ஒரு சிற்றூரில் தங்கி உழைத்தல் வேண்டும் என்னும் விருப்பம் கிறிஸ்தவ இளைஞர் பலரிடத்தும் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. மேனாடுகளினின்று அவ்வாறு நம் நாடு போந்தோர் பலர். இன்று நம் மாணவருள்ளும் அயல்நாடு சென்று ஊழியம் புரிய விழைவோர் உளர். அவ்விருப்பம் நன்றே. எனினும், அயலான் ஒருவன் ஓர் ஊருட் புகுந்து செய்யும் உதவி அவ்வூரை உயர்த்துதலும் உண்டு; ஊராரைக் கையேந்தி நிற்பவராக்கித் தாழ்த்துதலும் உண்டு. இவ்விரண்டனுள் எது நிகழும் என்பது எதனைப் பொறுத்தது? இதனை நம் தமிழகத்து நிகழ்ந்த இரண்டு சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவனார் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் உதவுவோரையும் அவர்தம் செல்வத்தையும் விளக்கச் சில உவமைகளை எடுத்தாள்கின்றார். எதனையும் திரும்பப் பெற நினையாத மழையை முதற்கண் நிறுத்துகின்றார். பின்னர், நீர் நிறைந்த ஊருணி, ஊரின் உள்ளே பழுத்த பயன்மரம், எல்லா உறுப்பும் மருந்தாக உதவும் மரம் என மூன்றனை அடுக்குகின்றார். இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு வேற்றுமை புலனாகும். மழை எங்கிருந்தோ வந்து பெய்து நீங்குவது. பின்னவை மூன்றும் நிலத்தில் நிலைத்து நிற்பவை. ஊருணியோ ஊரார் வெட்டி, ஊரார் தூர்வாரி, ஊரார் காப்பது. அயல்நாட்டுத் தொண்டன் இயல்பில் மழையை ஒத்தவன். பெய்த மழை ஊருணியில் தங்கினாலன்றிக் கோடைக்கு உதவாது. இஃது உரையாசிரியர் கூறிய பொருளன்று. உவமைகளின் வரிசை எனக்கு உணர்த்திய கருத்தே. இதனை அளவுகோலாகக் கொண்டு மேற்செல்வோம்.

முதற் சான்று திருப்பத்தூர்க் கிறிஸ்துகுல ஆசிரமம். அக்காலத்து வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பத்தூரில், 1921-ஆம் ஆண்டு, மருத்துவர் இருவர் இதனை நிறுவினர். ஒருவர் தமிழராகிய சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து நாட்டினராகிய எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். பின்னவர் கம்பளித் தொழிலால் பெருஞ்செல்வம் எய்திய குடும்பத்திற் பிறந்தவர். அத்தகையவர் கதருடுத்து, மரக்கறி உணவு உண்டு, மணம் செய்து கொள்ளாது, ஏழைகளுக்கு மருத்துவம் புரிந்து அவ்விடத்திலேயே வாழ்ந்தார். ஆசிரமத்துக் கோயிலும் தென்னாட்டுக் கோயில்களின் அமைப்பைத் தழுவியே எழுப்பப்பட்டது.

இவை யாவற்றினும் குறிக்கத்தக்கது மக்கள் அவர்களை அழைத்த முறை. ஏசுதாசன் பெரியண்ணன் எனவும், பேட்டன் சின்னண்ணன் எனவும் வழங்கப்பெற்றனர். வெள்ளையரைத் துரை என்று அழைத்த நாட்டிலே, ஒரு வெள்ளையர் அண்ணன் ஆயினார். அதிலும் இளைய அண்ணன் ஆயினார். அயல்நாட்டினின்று வந்தவர், இம்மண்ணிற் பிறந்த ஒருவர்க்கு இரண்டாமவராக நிற்க உடன்பட்டார் என்பதே இதன் பொருள். அரசு செலுத்துவோரின் இனத்தார்க்கு அந்நாளில் இது சிறு செயலன்று.

ஈண்டு ஒரு தடை எழும். தானே விரும்பி ஏற்ற எளிமை வறுமையாகுமா? வேண்டாதபோது தாயகம் திரும்பவும் செல்வத்தை மீட்டும் பெறவும் வழியுடையவன், போக்கிடம் இல்லாத உழவனோடு ஒத்தவனாவானா? ஆகான் என்றே விடை கூறல் வேண்டும். 1932-ஆம் ஆண்டில், அந்நியத் துணி மறுப்பு நடைபெற்ற காலத்தில், கதருடையோடு சென்னைத் தெருவில் நின்ற பேட்டன் காவலரால் அடிக்கப்பட்டார். அவ்வுடை அதனை உடுத்த தமிழர்க்கு என்ன தந்ததோ அதனையே அவர்க்கும் தந்தது. ஆயினும், அவர் பட்ட அடியைக் குறித்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வினா எழுந்தது. அக்காலத்து அடிபட்ட எத்தனையோ தமிழ்த் தொண்டர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. உடையை மாற்றலாம், பிறப்பினால் வந்த காப்பை முற்றும் களைதல் அரிது. இதனை மறவாதிருத்தலே அயல்நாடு செல்வோன் கற்கவேண்டிய முதற்பாடம். தான் ஊராரோடு முற்றும் ஒன்றிவிட்டதாகக் கருதுவோன் அவர்தம் இடரை உள்ளவாறு அறியமாட்டான்.

இரண்டாவது சான்று மார்த்தாண்டம். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள இவ்வூர் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்தது. கிறிஸ்தவ வாலிபர் சங்கம் பெரும்பாலும் நகர இளைஞர்க்கெனவே ஏற்பட்ட ஓர் இயக்கம். அதன் நோக்கைச் சிற்றூர்களின்பால் திருப்பியவருள் தலைசிறந்தவர் சேலத்திற் பிறந்த கே. டி. பால். 1916-இல் அச்சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியரும் அவரே. அச்சங்கத்தின் சார்பில் அமெரிக்கராகிய ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் தம் மனைவியாருடன் போந்து, 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒரு கிராமப் புனரமைப்பு நிலையத்தை நடத்தத் தொடங்கினார்.

அவருடைய முறை பேட்டன் முறையினின்று வேறுபட்டது. அவர் வேளாண்மை கற்றவர். அணுக்கமாக நின்று அறிவுரை தருதல் தம் பணி. உழைத்தல் ஊரார் பணி என்பது அவர் கொள்கை. நிலையத்தில் காட்டும் எதுவும் ஏழையின் கைக்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். நல்லினக் கோழி வளர்த்தலும், முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்றலும், தேனீ வளர்த்தலும் அங்ஙனம் பரவிய தொழில்களாம். உள்ளூர் இளைஞர்க்குப் பயிற்சி தந்து, அவரைக் கொண்டே அண்டையூர்களில் பணி நடத்தினார். 1932-இல் அவர் தம் அனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார்.

தேனீத் தொழிலைச் சிறிது விரித்துரைத்தல் தகும். மரப்பொந்துகளில் தேன் எடுப்போர் தேனடையை அறுத்துப் பிழிந்து விடுவர். அடையும் அழியும், தேனீக் கூட்டமும் கெடும். சட்டங்கள் பொருத்திய மரப்பெட்டியிலோ, அடையைச் சட்டத்தோடு எடுத்துக் கருவியிலிட்டுச் சுழற்றித் தேனை வடித்தபின், அடையை மீண்டும் பெட்டியில் வைத்துவிடலாம். இதற்கு வேண்டிய பெட்டியை உள்ளூர்த் தச்சரே செய்வர். தேனீயும் இந்நாட்டுத் தேனீயே. நிலமில்லாதவனும் வீட்டுப் புறத்தே இரண்டு பெட்டி வைத்துப் பயன்பெற இயலும். இவ்வாறு வெளியினின்று வந்தது அறிவு ஒன்றே; ஏனைய யாவும் ஊரில் உள்ளவை.

ஹாட்ச் பின்னர் இந்நாட்டை விட்டு நீங்கினார், தொழில் நீங்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஒருவகை நச்சுயிர் நோய் பரவித் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களுட் பெரும்பாலானவற்றை அழித்தது. அப்போதும் இம்மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் எஞ்சிய கூட்டங்களைப் பேணிப் பெருக்கித் தொழிலை மீட்டனர். இரப்பர் மரங்கள் துளிர்க்கும் பருவத்தில் தோட்டங்களில் அவர்தம் பெட்டிகளை இன்றும் காணலாம். மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மழை ஊருணியில் தங்கியது என்று கூறத்தக்கது இதுவேயாம்.

இவ்விருவர் வாழ்க்கையினின்றும் அயல்நாடு செல்வோர் கொள்ளத்தக்கன யாவை? முதலாவது, தனக்கு மேலாக உள்ளூரார் ஒருவரை வைத்துக் கொள்ளுதல். இரண்டாவது, கொடுப்பதற்கு முன் பெறுதல். ஊரார் தரும் கூழையும் திண்ணையில் தரும் இடத்தையும் நன்றியோடு ஏற்று, அவர்தம் மொழியைச் சிறுவரிடத்தும் கற்க நாணாதவனே அவ்வூரில் விருந்தினன் ஆவான். ஏலாதவன் நெடுநாள் தங்கினும் வழிப்போக்கனே. மூன்றாவது, தான் இல்லாத நாளை எண்ணியே ஒவ்வொரு பணியையும் தொடங்குதல். தன் கைப்பணத்தாலும் தன் நாட்டுக் கருவியாலும் மட்டுமே நடக்கும் பணி, தான் கப்பலேறும் நாளிலேயே நின்றுவிடும்.

சில திங்களே தங்குவோர்க்கு இவை முற்றும் கைகூடா என்பது உண்மை. அன்னோர் தாம் பெரிது உதவியதாக எண்ணாது, கற்றுத் திரும்பியதாக எண்ணுவாராயின் அதுவே போதும். மாணவத் தோழர்களே! நாளை நம்மில் ஒருவர் அயல்நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் சென்று தங்கக் கூடும். அவ்வூரார் நம்மை ஐயா என்று அழைப்பின் நாம் இன்னும் வாயிலிலேயே நிற்கின்றோம் என்று அறிதல் வேண்டும். தம்பி என்றோ தங்கை என்றோ அழைப்பின், அன்று முதல் நம் தொண்டைத் தொடங்கலாம்.