துன்பத்திலும் நன்றி

இன்பம் வரும்போது இறைவனுக்கு நன்றி கூறுவது எளிது. துன்பத்திலும் நன்றி மறவாதிருப்பவனே உண்மைப் பக்தன். ஜெர்மனி நாட்டுக் கிறிஸ்தவப் போதகர் மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649) இதற்குச் சிறந்த சான்று.

முப்பதாண்டுப் போரின்போது, மதில் சூழ்ந்த ஐலன்பர்க் நகரில் அகதிகள் வந்து நிறைந்தனர். 1637-இல் அங்கே கொள்ளைநோய் பரவியது. உடன் பணியாற்றிய போதகர்களும் மாண்டனர். ரிங்கார்ட் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இறுதிச் சடங்கு நடத்தினார். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். அடுத்துப் பஞ்சம் வந்தது. தம்மிடம் இருந்ததையும் பசித்தோருக்குப் பகிர்ந்தளித்தார்.

அதே போர்க்காலத்தில், உணவு வேளையில் பாடுவதற்காக அவர் இயற்றிய நன்றிப் பாடல் இன்றும் உலகெங்கும் தேவாலயங்களில் ஒலிக்கிறது.

அவரது நன்றி துன்பத்திற்கு உரியதன்று; துன்பத்தினிடையே கைவிடாத இறைவனுக்கு உரியது. துயரத்தை நல்லதென்று பாவனை செய்யுமாறு பக்தி நம்மைக் கேட்பதில்லை. கலங்கிய கண்களோடும் அன்றைய உணவைப் பிரசாதமாக ஏற்கலாம். பெற்றதை நினைப்பவனுக்கு, தந்தவன் அருகிலேயே இருக்கிறான் என்ற உறுதி பிறக்கிறது. அந்த உறுதியே நம்பிக்கை. அது பிறருக்குச் செய்யும் சேவையாக மலர்கிறது.

உண்ணுமுன் ஒரு கணம் இறைவனுக்கு நன்றி கூற நாமும் பழகுவோம். நல்ல நாட்களில் பழகியதே கொடிய நாட்களில் துணை நிற்கும்.