ஆங்கிலத்தில் சொற்றொடரும் துணைவாக்கியமும்

'நியர் கெலவரப்பள்ளி' என்பது ஃபிரேஸ், அதாவது சொற்றொடர். அதில் எழுவாயும் இல்லை, முற்றுவினையும் இல்லை. 'வென் தே ஓபன்ட் தி டேம்' என்பதில் இரண்டும் உள்ளன. ஆயினும் பொருள் முடியாமையால் அது துணைவாக்கியம்.

தென்பெண்ணை அணையைப் பற்றித் தமிழில் 'அணையைத் திறந்ததும் தண்ணீர் வந்தது' என்கிறோம். திறந்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை, எச்சமே போதும். அப்படியே 'ஓபனிங் தி டேம், வாட்டர் கேம்' என்று எழுதினால், தண்ணீரே அணையைத் திறந்ததாகிவிடும்! எழுவாயை மீட்டுத் துணைவாக்கியமாக்குவதே வழி.

அடுத்தது ஃபிரேசல் வெர்ப். வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தரும். நம்மிடமும் இது உண்டு. 'கைவிடு' என்பதில் கையைத் தேடுவாருண்டோ? ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லவிருப்போர் இதைக் கருத்தூன்றிக் கற்க வேண்டும். 'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி சைரன் வென்ட் ஆஃப்' என்றாலோ சங்கு ஊதியது! 'இஃப் தி சைரன் கோஸ் ஆஃப், லீவ் தி ஹால்' என்னும் பலகையைச் 'சங்கு நின்றால் வெளியேறுக' எனப் படித்தவர், தீப்பிடித்துச் சங்கு ஊதும்போதும் உள்ளேயே நிற்பார்.

இன்னொன்று. 'டர்ன் ஆஃப் தி மெஷின்', 'டர்ன் தி மெஷின் ஆஃப்' இரண்டும் சரியே. 'மெஷின்' போய் 'இட்' வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. ஆனால் 'லுக் ஆஃப்டர்' பிரியாது. 'லுக் ஆஃப்டர் இட்' என்பதே முறை.