இயந்திரம் பழுதானால் எழுத்தும் அழியவேண்டுமா?



சென்ற மாதம் ஒரு மழைநாளில், கிருலப்பனையில் வசிக்கும் தாயார் ஒருவர் பொலித்தீன் பையில் சுற்றிய மடிக்கணினியோடு எம்மிடம் வந்தார். எத்தனை முறை அழுத்தினாலும் அது உயிர்பெறவில்லை. திருத்தும் கடையொன்றில், "இது சரிவராது, புதியதை வாங்குங்கள்" என்று கைவிரித்துவிட்டார்களாம். புதியதும் வாங்கியாயிற்று. ஆயினும் அவர் கண்கலங்கிச் சொன்னார்: "சுவாமி, மெஷின் போனால் போகட்டும். பிள்ளைகளின் அப்பா கடைசியாகப் பேசிய குரல் இதற்குள் அல்லவா இருக்கிறது!"

இக்கவலை நாளை உங்கள் வீட்டிலும் எழக்கூடும். ஆகவே இவ்வாரம் இதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அலுமாரியின் பூட்டுப் பழுதானால் உள்ளே இருக்கும் காணி உறுதி அழிந்துவிடுமா? இல்லை. அவ்வாறே, மடிக்கணினி வேறு. நமது கோப்புகளைத் தாங்கும் ஹாட் டிஸ்க் வேறு. முன்னது பழுதானாலும் பின்னது பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

முதலாவது, பழுது எங்கே என்று பாருங்கள். திரை மட்டும் இருண்டிருந்தால், எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியில் இணைத்தால் படம் தெரியும். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிடலாம். தண்ணீர் பட்டிருந்தால் இயக்கிப் பார்க்கவே வேண்டாம். டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்ற சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, தரவு மீட்பில் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்குவது உள்ளதையும் கெடுக்கும்.

இரண்டாவது, இயந்திரம் முற்றாக இயங்காவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி, அதற்குரிய யூ.எஸ்.பி. உறையில் இட்டு, புதிய கணினியில் செருகலாம். பழைய டிஸ்க் இரண்டரை அங்குலப் பெட்டிபோல் இருக்கும். புதியது சுவிங்கம் துண்டுபோல் மெல்லியது. ஒன்றின் உறை மற்றதற்குப் பொருந்தாது. எனவே பம்பலப்பிட்டிக் கடைகளுக்குச் செல்லும்போது டிஸ்க்கையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சில கணினிகளில் சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றிற்குத் திருத்துநரின் உதவி அவசியம்.

மூன்றாவது, விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் தேவை. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். கணினி நலமாக உள்ளபோதே அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

நான்காவது, 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் உள்ள அனைத்தையும் பிரதி செய்யுங்கள். மென்பொருள்கள் அவ்வாறு வரமாட்டா. அவற்றைப் புதிதாகவே நிறுவ வேண்டும். தமிழில் எழுதுவோர் இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கடிதங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். கோப்பு கெட்டதென்று பயந்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பின்னர் ஆறுதலாக யுனிகோட்டுக்கு மாற்றுங்கள்.

ஐந்தாவது, சில கோப்புகளையாவது புதிய கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்யும்வரை பழைய டிஸ்க்கை எறியவோ விற்கவோ வேண்டாம்.

ஆனால் வாசகர்களே, மாற்றியதோடு கடமை முடிந்ததா? ஓரிடத்தில் மட்டும் இருப்பது எதுவும் பத்திரமானதல்ல. 1981ஆம் ஆண்டு, மே முடிந்து ஜூன் பிறந்த நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏடுகளோ என்றென்றைக்குமாகப் போயின. ஈழத்துத் தமிழ் எழுத்துகளை மின்பிரதியாக்க 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் இன்றும் பிரதியெடுத்துக் காக்கும் பணியையே செய்கிறது.

ஒரு சமூகத்துக்குப் பொருந்துவது ஒரு குடும்பத்துக்கும் பொருந்தும். மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றாவது, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கலாம். கள்வனும் வெள்ளமும் ஒரே நாளில் மூன்று இடங்களுக்கு வருவது அரிது.

அந்தத் தாயாரின் டிஸ்க்கை உறையில் இட்டு எமது மேசையில் இணைத்தோம். சிறிது நேரத்தில் கோப்புறை திறந்தது. கணவரின் குரல் கேட்டதும் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, அதன் பிரதியொன்று கொட்டாஞ்சேனையில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டில் அத்தகைய குரல் எதில் இருக்கிறது? இன்றிரவே பாருங்கள். இயந்திரத்தை மீண்டும் வாங்கலாம். அந்தக் குரலை வாங்க முடியாது.