பயிர் நோயை வீடியோ எடுக்க ஒளியளவு

இலையின் மஞ்சள் நிறம் வீடியோவில் வெளுத்துத் தெரிந்தால், நோயைக் கணிப்பதும் தவறிவிடும். எனவே டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் ஒளியளவைத் தாங்களே அமைத்தல் வேண்டும்.

1. விநாடிக்கு 25 படங்கள் எனில், ஷட்டர் வேகம் 1/50 விநாடி. இதை மாற்ற வேண்டாம்.

2. ஐ.எஸ்.ஓ. எண் 100.

3. உச்சி வெயிலில் இந்த அளவுகளுக்கு லென்ஸ் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்க நேரிடும், கூர்மை குறையும். எட்டில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் என்.டி. 8 வடிகட்டியைப் பொருத்தினால் எஃப் 8 போதும்.

4. படம் பிடிக்குமுன் திரையில் ஹிஸ்டோகிராமைப் பார்க்கவும். அது வலது ஓரத்தில் முட்டினால் துவாரத்தை மேலும் சுருக்கவும்.

வடிகட்டி இல்லாதோர் வெயில் ஏறுமுன் காலையில் எடுப்பது நலம். முற்றிலும் வெளுத்துப்போன நிறத்தைப் பின்னர் மீட்க இயலாது.