விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் வானவில் நிற நாடாவோடு ஒரு வெண்கலப் பதக்கம் இருக்கிறது. வீரத்துக்கான விருதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. முதல் உலகப் போரின் நேச நாடுகளுடைய வெற்றிப் பதக்கம் அது. பின்புறம் 1914-1919 என்ற ஆண்டுகள் இருக்கும். போர்க்களப் பகுதிகளில் பணியாற்றிய லட்சக்கணக்கானோருக்கு வழங்கப்பட்டது. வீரச்செயலுக்கு உரியதல்ல. பதக்கம் எந்த வகை என்பதை மட்டுமே நாடா சொல்லும். அதையும் முழுதாக நம்ப முடியாது. துணி நைந்தால் மாற்றிவிடுவார்கள், வியாபாரிகள் பார்வைக்காகவும் மாற்றுவார்கள். ஆளைச் சொல்வது உலோகத்தின் விளிம்புதான். பிரிட்டிஷ் அரசு வழங்கிய இப்பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அச்சுக்குத்தப்பட்டிருக்கும். எண் மட்டும் போதாது. அன்று ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனித்தனியே எண் கொடுத்ததால் ஒரே எண் பலருக்கு இருந்தது.

விளிம்பையும் திருத்தலாமே என்பீர்கள். உண்மைதான், பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறிப்பதுண்டு. ஆனால் அராவிய இடத்தில் உலோகம் குறைந்து விட்டம் சுருங்கும். நல்ல அளவுகோல் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பதக்கம் தனியாக வழங்கப்பட்டதில்லை, பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் கூடவே வந்திருக்கும். பெட்டியில் அதையும் தேடுங்கள். அது பெரும்பாலும் வெள்ளி. வெண்கலத்தில் இருந்தால் இன்னும் சுவாரஸ்யம்: இந்தியத் தொழிலாளர் படை போன்றவற்றில் உழைத்தவர்களுக்கே வெண்கலத்தில் கொடுத்தார்கள். புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.