எரிவாயுக் கிணற்றின் வரவுக் கணக்கு: எக்செல்லில் ஒரு பயிற்சி

கம்ப்யூட்டரில் ‘எம்’ என்றால் மெகா, அதாவது பத்து லட்சம் என்று படித்திருப்பீர்கள். அமெரிக்க எரிவாயுக் கணக்கில் ‘எம்’ வெறும் ஆயிரம்தான். ரோமன் எண்ணிலிருந்து வந்த வழக்கம் இது. ஒரு எம்.சி.எஃப். என்பது ஆயிரம் கன அடி. பத்து லட்சத்துக்கு எம்.எம்.சி.எஃப். என்று எழுதுவார்கள். இதை மாற்றிப் படித்தால் கணக்கு ஆயிரம் மடங்கு தவறும்.

அமெரிக்காவில் நிலத்தடி எரிவாயு தனிநபருக்குச் சொந்தமாக இருக்கலாம். நிறுவனம் கிணறு தோண்டி எடுத்து, உரிமையாளருக்குப் பங்குத் தொகை அனுப்பும். அது சரியா என்று எப்படிப் பார்ப்பது? பென்சில்வேனியாவில் ஷேல் கிணறுகளின் உற்பத்தி அறிக்கை 2015 முதல் மாதந்தோறும் தரப்படுகிறது. மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் இணைய தளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம்.

முதலில் கிணற்றின் ஏ.பி.ஐ. எண்ணைப் பாருங்கள். 37 என்று தொடங்கினால் பென்சில்வேனியா. அடுத்த மூன்று இலக்கம் மாவட்டம், அதற்கடுத்த ஐந்து இலக்கம் கிணறு.

இனி எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். ‘ஏ’ பத்தியில் மாதம், ‘பி’யில் எரிவாயு அளவு, ‘சி’யில் கிணறு ஓடிய நாட்கள். டி2 செல்லில் =பி2/சி2 என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். தினசரிச் சராசரி கிடைக்கும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற மாதங்களுக்கும் விடை வந்துவிடும்.

உதாரணமாக, மார்ச்சில் 31 நாளில் 1,24,000 எம்.சி.எஃப்., ஏப்ரலில் 15 நாளில் 60,000 என்று வைத்துக் கொள்வோம். பாதிக்கும் கீழே போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம். இரண்டு மாதமும் நாளுக்கு 4,000தான். கிணறு பாதி மாதம் மூடியிருந்திருக்கிறது, அவ்வளவே. மே மாதம் 31 நாளும் ஓடி 93,000 வந்தால் சராசரி 3,000. இதுதான் உண்மையான சரிவு. ஷேல் கிணறுகளில் முதல் ஓரிரு ஆண்டுகளில் சரிவு வேகமாகவே இருக்கும்.

“கிணறு வற்றுகிறது, உரிமையை விற்றுவிடுங்கள்” என்று யாராவது கடிதம் போட்டால், கையெழுத்துப் போடும் முன் ‘டி’ பத்தியைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பணம். 640 ஏக்கர் தொகுப்பில் உங்களுக்கு 4 ஏக்கர், பங்கு எட்டில் ஒன்று என்றால், 4/640 × 0.125 = 0.00078125. எம்.சி.எஃப். 3 டாலருக்கு விற்றால், மார்ச் மாதத்துக்கு 290.63 டாலர். எட்டில் ஒன்று என்பது அம்மாநிலச் சட்டம் விதித்த குறைந்தபட்சப் பங்கு. ஆனால் எடுத்த பிறகு ஆகும் செலவுகளைக் கழித்துவிட்டு அந்தப் பங்கைக் கணக்கிடலாம் என்று 2010-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே காசோலை குறைந்திருந்தால், இணைப்புச் சீட்டில் கழிவுகள் பத்தியைப் பாருங்கள். அந்தக் கழிவுகளுக்கு உங்கள் ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா என்றும் படியுங்கள்.

காசோலை வந்த மாதமும் உற்பத்தி மாதமும் வேறு. சீட்டில் உள்ள உற்பத்தி மாதத்தை வைத்தே ஒப்பிடுங்கள்.